முதலில் விழித்தது

மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது, குழந்தையின் அறையில் இருந்த கேமராவின் எண் மாறியிருந்தது.

அவனுக்கு வேலையே சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான்; வீட்டுக் கணினியிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் போட்டிருந்தான். அதில் கேமரா, மைக் என்று எதை மாட்டினாலும் டெவ் என்கிற ஃபோல்டரில் அதற்கென்று ஒரு கோப்பு முளைக்கும். கேமராக்களுக்குப் பெயர் வைக்க அது மண்டையை உடைத்துக்கொள்ளாது. முதலில் விழிப்பது வீடியோ ஜீரோ, அடுத்தது வீடியோ ஒன்று. வீட்டில் இருப்பதோ ஒரே கேமரா. காலையில் ஜீரோவாக இருந்தது, இப்போது ஒன்று.

அப்படியானால் அதற்கு முன்னால் விழித்தது எது?

மழை மதியத்தையே இருட்டாக்கியிருந்தது. ஹாலில் காயப்போட்ட துணிகளின் ஈர வாடையும், ஃபிரிட்ஜ் உறுமி உறுமி அடங்கும் சத்தமும், அதற்கும் பின்னால் குழந்தையின் அறையிலிருந்து வராத சத்தமும் சேர்ந்து அவனை நாற்காலியில் உட்காரவிடவில்லை. வீடியோ ஒன்றைத் திறந்தான். கம்பித் தொட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலடியில் போர்வை குவிந்து கிடந்தது.

மருந்துக்கடையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"பாப்பா எந்திரிச்சாளா?"

"இல்ல, நல்ல தூக்கம். கேமராதான் நம்பர் மாறிக் காட்டுது. இல்லாத ஒண்ணு ஜீரோன்னு உக்காந்திருக்கு."

"ஆரம்பிச்சிட்டீங்களா! பெத்த பொண்ணுக்குப் பேர் வைக்க ஆறு மாசம் இழுத்தடிச்சீங்க, கேமரா பேருக்கு இவ்ளோ அக்கறையா? போய்ப் பாப்பாவப் பாருங்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். பிறகு ஜீரோவைத் திறந்தான்.

கறுப்பு. முழுக் கறுப்பும் இல்லை, ஓரத்தில் லேசான சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு.

கணினியில் மாட்டியிருந்த கேமரா வயரைப் பிடுங்கினான். வீடியோ ஒன்று மறைந்தது. ஜீரோ அங்கேயே இருந்தது. மகள் பார்வையிலிருந்து போய்விடக் கூடாதென்று வயரை மறுபடி செருகி, அவள் படத்தைத் திரையில் கொண்டுவந்தான்.

அதே நேரம் ஜீரோவில் சிவப்பு பிளந்தது. மங்கலான வெளிச்சம். தொட்டில் கம்பிகள். மேலே குழந்தை அறையின் மின்விசிறி.

தொட்டிலுக்குள்ளிருந்து ஏதோ பார்க்கிறது.

ஓடினான். அரையிருட்டில் ஸ்விட்சைக்கூடத் தேடவில்லை. தொட்டிலில் அவள் விழித்திருந்தாள். அழவில்லை. இரண்டு கையையும் தூக்கினாள். வாரி எடுத்தான். பக்கத்தில் போர்வைக் குவியலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அப்பா இருக்கேன்ல. அம்மாகிட்டப் போயிடலாம்."

சில்லென்றிருந்த கை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சாவி கணினி மேசையில் கிடந்தது. எடுக்கக் குனிந்தான்.

திரையில் இரண்டு படங்கள்.

வீடியோ ஒன்றில், போர்வையை உதைத்து வெளியே வந்த அவன் மகள், கட்டைவிரலைச் சப்பியபடி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீடியோ ஜீரோவில் ஒரு காது. காதுக்குக் கீழே அவனுடைய மச்சம். மிகப் பக்கத்தில்.

படம் இன்னும் கொஞ்சம் நெருங்கியது.