கொஸ்கெலா வீட்டு மருமகள்

அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டியை லொரெட்டா வெளியே எடுக்கும்போதே மாமியார் இர்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ரொட்டி சுட்டுப் போட்டா எல்லாம் சரியாயிடுமா? என் சின்னவன் பொழப்புல மண்ணைப் போட்டவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்!"

லொரெட்டா தட்டை மேசையில் வைத்தாள். அமெரிக்காவின் துலூத் நகரத்து மலைச்சரிவில் அந்த வருஷத்து முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. மாமனார் ஐனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரங்களை விரித்தார். நாற்பது வருஷமாக நடத்திய இன்ஜினியரிங் கம்பெனியை இன்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார். மூத்தவன், லொரெட்டாவின் கணவன் ராய்க்குப் பாதி; இளையவன் வெண்டலுக்குப் பாதி. பதினெட்டு வருஷமாக அங்கே மண் ஆய்வு முழுவதையும் சுமக்கும் மருமகளின் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

இர்மாவின் கோபத்துக்குக் காரணம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மலையைத் தாங்கக் கட்டவிருந்த தடுப்புச் சுவர். அது வெண்டலுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. சுவரைப் பாறையோடு பிணைக்கும் கம்பிகளின் நீளம் போதாது என்று சொல்லி, வரைபடத்தில் மண் ஆய்வு இன்ஜினியராகத் தன் முத்திரையைக் குத்த லொரெட்டா மறுத்துவிட்டாள். அந்த முத்திரை இல்லாமல் சுவர் கட்ட முடியாது; அதனால் வேலை ஒரு மாதமாக அப்படியே நின்றது.

"பொறாமை! வேறென்ன?" என்றாள் இர்மா. "கொழுந்தன் மேல வந்துடுவானேன்னு பொறாமை!"

"போதும்மா!"

ராய்தான். இருபது வருஷமாக அம்மாவின் முன்னால் குரல் உயர்த்தாத ராய். பேனாவை மூடி அப்பாவின் பக்கம் தள்ளினான்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்பா."

"என்னடா உளர்றே?" என்றார் ஐனார்.

"வெண்டல் ரெண்டு தடவை இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சையில கோட்டை விட்டானே, ஞாபகமிருக்கா? வேற எவனும் அவனைக் கிட்ட சேர்க்கல. அப்போ மினியாபொலிஸ்ல ஒரு பெரிய கம்பெனி லொரெட்டாவைத் தலைமை இன்ஜினியரா கூப்பிட்டாங்க. பங்கும் தர்றோம்னாங்க. 'நான் போய்ட்டா இவனுக்கு யாரு சொல்லித் தருவாங்க'ன்னு வேண்டாம்னுட்டா! நாலு வருஷம் பக்கத்துல உக்கார வச்சு இவனை இன்ஜினியரா ஆக்கினா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்... இவ திட்டு வாங்குறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்!"

இர்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெண்டலைப் பார்த்தாள்.

வெண்டல் தலை நிமிரவில்லை. கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதமொன்றை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தான்.

"அண்ணி சொன்னது தப்புன்னு காட்டத்தான் அந்த இடத்துல மறுபடி துளை போட்டுப் பார்க்கச் சொன்னேன். நேத்து ரிப்போர்ட் வந்துச்சு. நான் நினைச்சதைவிடப் பதினாலு அடி கீழதான் பாறை இருக்கு. என் கம்பி எல்லாம் வெறும் களிமண்ணுல நின்னிருக்கும்..." அவன் லொரெட்டாவின் பக்கம் திரும்பினான். "அந்தப் பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்க அண்ணி! நேத்தே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு..."

லொரெட்டா எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தாள்.

"காட்டாம மறைச்சிருந்தாத்தான் வெக்கம். இப்போ நீ நிஜமாவே இன்ஜினியர்டா."

ஐனார் அந்த ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு பத்திரத்தைக் குறுக்கே கிழித்தார்.

"வக்கீலுக்குப் போன் போடு ராய். மூணு பங்கா எழுதச் சொல்லு."

"வேண்டாம் மாமா," என்றாள் லொரெட்டா. குரலில் கோபமில்லை, நடுக்கமும் இல்லை. "கோவிச்சுக்கிட்டுச் சொல்லலை. போன மாசமே தனியா கம்பெனி பதிவு பண்ணிட்டேன். துறைமுகத்துக்கிட்ட ரெண்டு ரூம். மண் ஆய்வு மட்டும். திங்கட்கிழமை திறக்கிறேன். இவங்க ரெண்டு பேரும் உங்க கம்பெனியை நல்லா பார்த்துப்பாங்க. எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு. என் முத்திரையை என் மேசையில வச்சுக் குத்தணும்னு ஆசையா இருக்கு."

"அப்போ அந்தச் சுவர்?" என்றான் வெண்டல் பதறி.

"புது வரைபடம் கொண்டு வா. சரியா இருந்தா குத்துறேன். பில்லும் அனுப்புவேன்!"

ராய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

இர்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மருமகளின் முன்னால் வந்து நின்றாள். மெல்லக் கேட்டாள்:

"கம்பெனிக்கு... என்னடி பேரு வச்சிருக்கே?"

"லொரெட்டா கொஸ்கெலா மண் ஆய்வு நிறுவனம்."

"இவ்வளவு பேசியும்... எங்க வீட்டுப் பேரையா வச்சே?"

"இருபது வருஷமா அது என் பேரு அத்தை."

இர்மா அவளை இறுகக் கட்டிக்கொண்டு, சின்னப் பெண்போலத் தேம்பி அழுதாள்.