நாவல் மரத்தடிக் காளான்

1962ஆம் ஆண்டு பங்குனி மாதம். உன்னிச்சையில் கண்ணகையின் வீட்டுக் கிணறு வற்றிப்போனது. ஒரு மாதமாக அவளும் அம்மாவும் பக்கத்து வளவில், றபீக்கா வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். றபீக்காவின் உம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சித்திரை பிறந்ததும் இடி இடித்து மழை பெய்தது.

"அம்மா, றபீக்காட உம்மாவுக்கு நாம என்னத்தக் குடுக்கிற?" என்று கேட்டாள் பத்து வயதுக் கண்ணகை.

"நம்மளிட்ட என்ன புள்ள இரிக்கு? கத்தரி காய்க்கட்டும், பாப்பம்."

கத்தரி இன்னும் பூக்கவே இல்லை! இடிமழைக்குப் பிறகு புற்றுக் காளான் முளைக்கும் என்பது கண்ணகைக்குத் தெரியும். காலையில் தம்பி மூர்த்தியோடு வயலோரப் புற்றடிக்கு ஓடினாள்.

ஒரு காளானும் இல்லை. விரலால் மண்ணைக் குத்திப் பார்த்தாள். மேலே ஈரம், உள்ளே கல்லாய் இறுகிக் கிடந்தது.

மூர்த்தியும் குத்தினான். "ஆ! கடிக்குது!" என்று விரலை உதறிக்கொண்டு துள்ளினான். கறையானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு மழை காணாது. மண் உள்ளுக்கு நனையணும்," என்றாள் கண்ணகை.

அடுத்த இரண்டு பின்னேரமும் மழை கொட்டியது. மூன்றாம் நாள் காலையிலும் புற்றடி வெறுமையாகவே கிடந்தது. கண்ணகைக்கு அழுகை வந்தது. இந்த வெட்டவெளியில் பெய்த மழையெல்லாம் ஓடிப்போய்விட்டதே! தண்ணீர் ஓடாமல் எங்கே நிற்கும்?

சுற்றிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி ஒரு நாவல் மரம். அதன் நிழலில் ஒரு சின்னப் புற்று, சுற்றிலும் உக்கிய சருகு. அங்கே குத்தினாள். விரல் முழுதாக உள்ளே போனது. சருகை மெல்ல விலக்கினாள்.

வெள்ளை வெள்ளையாகக் காளான்கள்!

பெரியவற்றை மட்டும் பிடுங்கினாள். அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "நல்ல காளான்தான். கொண்டு போய்க் குடு," என்றாள்.

காளான் நிறைந்த ஓலைப்பெட்டியைக் கண்டதும் றபீக்காவின் உம்மா திகைத்துப்போனார். "இதெல்லாம் எனக்கா?"

"ஓம் மாமி. நீங்க தண்ணி தராட்டி நாங்க என்ன செஞ்சிருப்பம்?"

"தண்ணி அல்லாஹ் தாறது, புள்ள." உம்மா ஒரு காளானை எடுத்து முகர்ந்தார். கண் கலங்கியது. "என்ட உம்மா ஆக்கித் தந்து திண்டது. கலியாணம் முடிச்சி வந்த பிறகு கண்ணிலயும் காணல்ல."

றபீக்கா கண்ணகையின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு நானும் வரட்டா?"

"வா. சின்னனுகள விட்டுட்டுத்தான் வந்திரிக்கன்."

மறுநாள் விடிந்ததும் இருவரும் நாவல் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். ஈரச் சருகுக்கு மேலே நேற்றைய மொட்டுகள் எல்லாம் விரிந்து நின்றன.