உள்ளே இருப்பது எந்த வகை

உலை காலி. ஆனால் உள்ளே ஒருவர் இருப்பதாகத் திரை சொன்னது.

ஹுமைராவுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்த உருக்காலையில், உலைக்குள் சாம்பல் சுரண்ட இறங்கும் ஆட்கள் வாசலில் அட்டையைத் தேய்த்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் வெளியே வரும்வரை நெருப்பு பற்றாது. அதற்கான ஜாவா நிரல் அவள் எழுதியது. கம்பெனி ஆள், கான்ட்ராக்ட் ஆள் என்ற இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக, வகை எழுதும் இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்தது. இதிலிருந்து எடுத்துப் பார்க்கலாம், இதில் எதையும் சேர்க்க விடமாட்டேன், இது எந்த வகைக்கான பட்டியல் என்று எனக்கே தெரியாது என்றது. நியாயமான பிழை. மாற்றி எழுத அவகாசம் கேட்டாள்.

மேலாளர் குணாளன் தரவில்லை. அவள் காலை நாஷ்டாவுக்குப் போன நேரத்தில் வகையை வலுக்கட்டாயமாக மாற்றி, எச்சரிக்கையின் வாயையும் அடைத்திருந்தார். இனி அந்தப் பட்டியலில் எது வேண்டுமானாலும் சேரலாம். "எர்ரர் போச்சா இல்லியா? பேஜாரு பண்ணாத," என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார்.

இப்போது உலையைப் பற்றவைக்க வேண்டிய மாலை. வெளியே மழை இருட்டு. ஈரச் சாம்பலின் நெடி உலையை ஒட்டிய கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹுமைரா பல்லைக் கடித்துக்கொண்டு, மிஞ்சியிருந்த அந்த ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நிரல் பிழை காட்டி நின்றுபோனது. உள்ளே இருப்பது ஆள் வகை அல்ல.

கடைசியாக வெளியே வந்த திருமலை கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாராவது உண்டா என்று கேட்டாள்.

"நா சொரண்டசொல்லோ பக்கத்துல ஒருத்தன் சொரண்டிக்கினே இருந்தான் மேடம். நம்மாளுன்னு நென்ச்சேன்."

உலைக்குள் சுரண்டும் சத்தம் கேட்டது. நிதானமாக. இரும்பில் நகம் உரசுவது போல.

குணாளன் அவளைத் திட்டிக்கொண்டே டார்ச்சை எடுத்தார். அட்டையைத் தேய்த்தார். உள்ளே குனிந்து போனார். சுரண்டல் நின்றது.

வெளியே வந்தார். கையில் டார்ச் இல்லை. உலைக் கதவை அவரே அடைத்தார். முகம் முழுக்கச் சாம்பல்.

ஹுமைரா திரையைப் பார்த்தாள். வகை தெரியாத அந்த வரி இல்லை. குணாளன், உள்ளே.

அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என் பேரை அழிச்சிடுங்கம்மா."

குணாளன் ஒருநாளும் அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

உலைக்குள் யாரோ தட்டினார்கள். "ஹுமைரா, தொறம்மா. இன்னா பண்ணிக்கினு இருக்க?" அதே எரிச்சல். அதே குரல்.

அவள் விசைப்பலகையில் இருந்த கையை இழுத்தாள். வரவில்லை. அவள் விரல்கள் மேல் இன்னொரு கை இருந்தது. ஜில்லென்று. அது அவள் விரலை மெதுவாக அழிக்கும் விசையின் மேல் அழுத்தியது.

வரி மறைந்தது. நெருப்பைத் தடுத்திருந்த பூட்டு விட்டது.

உலையின் பார்வைத் துளை சிவந்தது. கண்ணாடிக்குப் பின்னால், விரித்தபடி, ஓர் உள்ளங்கை.