இரண்டு பேரின் ஈரம்

ஈரம் உறிஞ்சும் மெசினின் தண்ணீர்த்தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

வேலைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கிருசாந்தி படுக்கையறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஆக்லாந்துக் குளிர்காலத்தில், ஜன்னலைப் பூட்டிக்கொண்டு படுப்பவர்கள் விடும் மூச்செல்லாம் கண்ணாடியில் நீராக வழிந்து சட்டங்களில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இந்த வீட்டை வாங்கிய வருடமே அவளுடைய கணவர் யசீகரன் அந்த மெசினையும் வாங்கிவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தார். பதினாறு வருடங்களாகக் காலையில் தொட்டியை எடுத்துப் போய்க் குளியலறையில் ஊற்றுவது அவள் வேலை. இருவர் படுத்து எழுந்தால் முழுத் தொட்டி. ஒருவர் என்றால் பாதி. அவர் வேலை விஷயமாக வெலிங்டன் போன நாட்களில் அதைக் கவனித்திருக்கிறாள். இன்று காலை ஏழு மணிக்குத் தொட்டியை வெறுமையாக்கி, ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போனாள். இப்போது மாலை ஐந்தரை. பகல் முழுக்க இந்த அறையில் யாரும் இல்லை.

தொட்டி நிரம்பினால் மெசின் தானாக நின்றுவிடும். அதன் இரைச்சல் ஓய்ந்த அறையின் மூலைகளில் ஜூலை மாதத்து இருட்டு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் புகைபோக்கியிலிருந்து விறகு எரியும் மணம், அதற்கடியில் மிக மெல்லியதாக, நனைந்த கூடாரத் துணியின் மணம். பிறகு, கட்டிலின் இடது பக்கத்திலிருந்து, அது.

உள்ளே இழுக்கும் மூச்சு. வெளியே விடும் மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. அவள் எண்ணினாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. நீருக்குள் மூழ்கியவர் மேலே வந்து விழுங்குவதுபோல் ஒரு சத்தம், மறுபடி மூச்சு.

"வந்திட்டன்," என்றாள் மெதுவாக. ஆபிரிக்காவிலிருந்து தனியாகத் திரும்பிய பதினெட்டு நாட்களாக வேலையால் வந்ததும் அப்படித்தான் சொல்கிறாள்.

முதல் சில நாட்கள் பயந்தாள். செவித்திறன் பரிசோதிக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை. சிறு அறைக்குள் ஆட்களை இருத்தி, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வாள். சிலர் அவள் சத்தம் எதுவும் அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. கேட்டுவிட வேண்டுமென்ற ஆசை கூடிப்போய், நிசப்தமே அவர்களுக்குச் சத்தமாகிவிடும். அப்படிப்பட்டவர்களின் தாளில் சிறு குறியொன்று போட்டு வைப்பாள். மனதுக்குள் தன் பெயருக்கும் அந்தக் குறியைப் போட்டுக்கொண்டாள். பிறகு அதைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டாள். அவர் வந்திருக்கிறார். அவள்தானே கூப்பிட்டாள்.

திருமணமாகி இருபதாவது வருடத்துக்கு அவர் ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த பயணம். முதல் ஐந்து நாளும் சமவெளியில், கூரை திறந்த ஜீப்பில், செந்தூசி பல்லில் நறநறக்க. பத்து ஜீப்புகள் சூழ்ந்து நிற்க, புதர் நிழலில் கண்ணை மூடிக் கிடந்த ஆண்சிங்கத்தைப் பார்த்து, "எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட அதிபர் மாதிரி. எத்தினை பேர் வந்து நிண்டாலும் ஆள் கணக்கெடுக்கிறேல்லை," என்றார். அவள் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அன்று மாலையே, மந்தை கடந்துபோன பிறகு தனியே நின்ற வில்டபீஸ்ட் மான் கன்றொன்று அவர்களுடைய ஜீப்பின் பின்னால் ஓடி வந்தது. தாயைத் தவறவிட்ட கன்று அசைகிற எதன் பின்னாலும் போகும், கழுதைப்புலியின் பின்னாலும் போகும் என்றார் ஓட்டுநர். ஜீப்பை நிறுத்தச் சொல்லி யசீகரன் கெஞ்சினார். "நிப்பாட்டி என்ன செய்யப் போறியள்? மடியில வைச்சிருக்கப் போறியளே?" என்று அவள்தான் தடுத்தாள். இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்துபோனார்.

பிறகு கிளிமஞ்சாரோ. அந்த உயரத்தில் உறங்குகிறவர்களுக்கு மூச்சு நின்று நின்றுதான் வரும், பயப்பட வேண்டாம் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். என்றாலும் ஒவ்வொரு முகாமிலும் அவள் விழித்திருந்து அவருடைய மூச்சின் இடைவெளியை எண்ணினாள். பத்து. பன்னிரண்டு. அதற்கு மேல் ஒருபோதும் போகவில்லை. உச்சிக்குப் புறப்பட வேண்டிய இரவில் அவருக்குத் தலையிடி, இருமல். "நீர் ஏறிப்போட்டு வாரும். ரெண்டு பேரும் இஞ்ச படுத்திருந்தா கோயில்ல ஆக்களுக்கு என்ன படம் காட்டுறது?" என்றார். உதவியாளர் ஒருவரை அவரோடு விட்டுவிட்டு, வழிகாட்டியுடன் அவள் போனாள்.

போனாள். அதை எந்தப் பக்கத்திலிருந்து நினைத்தாலும் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது.

காலை பத்தரைக்குத் திரும்பியபோது முகாமின்மேல் மேகம் இறங்கியிருந்தது. யாரோடும் பேசாமல் கூடாரத்துக்குள் தவழ்ந்தாள். உறக்கப் பைக்குள் தலையையும் மூடிக்கொண்டு அவர் படுத்திருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நீண்ட நேரம் பிடித்தது. நோய் கூடிவிட்டது என்று நினைத்தாள். பையின் மேல் கையைப் போட்டு அணைத்தபடி, "இஞ்சருங்கோ. வாங்கோ, வீட்டை போவம்," என்றாள். "ம்," என்று பதில் வந்தது. அப்படியே உறங்கிப்போனாள். விழித்தபோது உறக்கப் பை தட்டையாகக் கிடந்தது. வழிகாட்டி வெளியே கண் சிவந்து நின்றார். யசீகரனைக் கீழே தூக்கிப் போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவள் உறங்கிய நேரத்தில்தான், வேறெப்போது. அவர் கடைசியாகக் கேட்டது அவளுடைய குரலை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள், பஸ் ஏறுகிறாள், மனிதரோடு பேசுகிறாள்.

கைபேசி அதிர்ந்தது. பிருந்தன், யசீகரனின் தம்பி. வாசலில் நின்றபடியே எடுத்தாள்.

"அண்ணி, வேலையால வந்திட்டியளே?"

"இப்பதான்."

"ஞாயிறு அந்தியேட்டிக்கு எல்லாம் சரி. ஐயர் வேலையில லீவும் போட்டுட்டார். சாம்பலையும் அண்டைக்கே கடலில கரைச்சிடுவம்."

முப்பத்தோராம் நாள் கிரியை. அதோடு உயிர் வீட்டை விட்டுப் போய்விடும். அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி வைக்கேலாதே, தம்பி?"

"முப்பத்தொண்டை எப்பிடி அண்ணி தள்ளுறது? நீங்களே ஐயரோட கதைச்சு வெல்லுங்கோ பாப்பம்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நான் எடுத்தது வேற விஷயம். திதி பாக்க ஐயருக்குச் சரியான நேரம் வேணுமாம். நீங்கள் மத்தியானம் எண்டு சொன்னியள். மரணப் பத்திரத்தில திகதி மட்டும்தான் கிடக்கு. அதான் உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போன ரூர் கொம்பனிக்கு எழுதிக் கேட்டனான். இண்டைக்குப் பதில் வந்திருக்கு."

"சொல்லுங்கோ."

"விடியப்புறம் மூண்டு பத்தாம், அண்ணி."

"எது?"

"அண்ணா போனது. நீங்கள் மேல வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலத்திலயே அவருக்குக் கடுமையாப் போச்சாம். ஸ்ட்ரெச்சரில கட்டி இருட்டுக்கையே இறக்கியிருக்கினம். உங்களோட மேல வந்த வழிகாட்டியின்ர வோக்கிடோக்கி குளிரில வேலை செய்யேல்லையாம். திரும்பி வந்துதான் அவருக்கும் தெரியும். நீங்கள் களைச்சுப்போய் உடனயே படுத்திட்டியள், கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும், பிறகு சொல்லுவம் எண்டு விட்டவராம்."

"இல்லை. பத்தரைக்கு உள்ளுக்க இருந்தவர். நான் கதைச்சனான்."



"அண்ணி, அந்தக் கூடாரத்தில அப்ப ஒருத்தரும் இல்லை." பிறகு, "நான் இப்ப அங்க வரட்டே?"

"வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று பத்து. பத்தரை. இடையில் ஏழு மணி நேரத்துக்கும் மேல்.

அந்த இருட்டில், மொழி தெரியாத நால்வர் தூக்கிப் போக, வானத்தைப் பார்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தபடி அவர் அவளைத் தேடியிருப்பார். தலையைத் திருப்பித் திருப்பித் தேடியிருப்பார். யாரும் அவரிடம் வாங்கோ என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று சொல்லவில்லை. அவர் அங்கேயே இருக்கிறார். அந்தக் கல்லிலும் குளிரிலும். இன்னும்.

அப்படியென்றால் அவள் அணைத்தது. ம் என்றது. விமானத்தில் பக்கத்து வெற்றிருக்கையில் அவளோடு வந்தது. பதினெட்டு இரவுகளாக, அவள் தன் நாளைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு கிடப்பது.

கட்டிலில் மூச்சு நின்றிருந்தது.

எண்ணினாள். முப்பது. நாற்பது. ஐம்பது. அறுபது.

வரவில்லை.

அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கார்ச் சாவி பையில் இருந்தது. முன்கதவு எட்டு அடிக்குள். கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் இன்னும் அந்த மலையிலேயே இருக்கிறார் என்ற நினைப்பு அவளைப் பிடித்து மற்றப் பக்கம் தள்ளியது. கட்டிலைச் சுற்றி நடந்தாள். பார்க்காமல். ஜன்னல் கொக்கியை விலக்கித் திறந்தாள். வெளியே கடற்பக்கம் முழு இருட்டு. முகத்தில் குளிர்.

கட்டிய நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லாப் பெண்களும் எல்லாக் கணவர்களையும் அழைக்கிற அந்த இஞ்சருங்கோ மட்டும்தான். கூடாரத்திலும் அதுதான். அதற்கு யாரும் திரும்பலாம். எதுவும் திரும்பலாம். பெயர் சொன்னால் அவர்தானே.

"யசீகரன்."

மறுபடி சொன்னாள்.

"யசீகரன். வாங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்."

வெளியே ஒன்றுமில்லை. ஒரு நாய் குரைத்து நின்றது. காத்திருந்தாள். கன்னம் நனைந்து குளிர்ந்தது. காத்திருந்தாள்.

"ஓம்."

வெளியிலிருந்து அல்ல.

அவருடைய குரல். சிறிய இருமலோடு.

முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது. ஒரு முழு ஆளின் பாரம் மெதுவாகப் புரண்டு நகரும் முனகல். அவள் திரும்பினாள்.

அது சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. அவள் படுக்கும் பக்கத்தில் போர்வை உயர்த்தப்பட்டிருந்தது, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. அவளுக்காக, விழாமல், அசையாமல், உள்ளிருந்து பிடிக்கப்பட்டு.