முதுகில் வைத்த கல்

காலையிலிருந்து மழை கொட்டுகிறது. வாசலில் கிடந்த பலகைக்கல் மட்டும் நனையவே இல்லை. "ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு" என்றார் காண்ட்ராக்டர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

தன் வீட்டுத் தெருவிலேயே குழாய் பதிக்கும் வேலை எடுத்திருந்தார். போன வாரம் தோண்டிய பள்ளத்தில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. தொல்லியல் அதிகாரி அம்மா சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தார்.

"எழுநூறு வருஷத்துக்கு முந்தினது சார். எல்லாரையும் குப்புறப் போட்டு முதுகுல ஆளுக்கொரு கல்லு வச்சிருக்காங்க. எந்திரிச்சிடுவாங்கன்னு பயம். எதையும் நகர்த்தாதீங்க."

"செத்தவன் எந்திரிச்சு எங்க போகப்போறான், வேலைக்கா?"

ஆட்கள் சிரித்தார்கள். கூலி கொடுப்பவர் சொன்னால் சிரித்துத்தானே ஆகவேண்டும்.

அந்த அம்மா சாப்பிடப் போனதும் காண்ட்ராக்டர் கற்களைப் பெயர்த்தெடுத்தார். குழி தாண்ட வாசலுக்கு வாசல் பலகை போடவேண்டும். அதை வாங்குவது அவருக்குத் தண்டச்செலவு. இருந்ததில் நல்ல கல்லைத் தன் வாசலுக்கே போட்டுக்கொண்டார். அதை மிதித்துத்தான் அவருடைய ஒரே மகள் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. பல காலம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு புழுங்கின வாடை கூடத்துக்குள் வந்து, துணிமணியில், தலையணையில், அவர் குடித்த காப்பியில்கூட ஏறி உட்கார்ந்தது. எங்கோ நகம் உரசுகிற சத்தம். எலி என்றார்.

"ஏங்க, பாப்பா மத்தியானத்துலேருந்து குப்புறவே படுத்திருக்கா. திருப்பினா திரும்ப மாட்டேங்கிறா" என்றாள் மனைவி.

"நடிக்கிறா. நாளைக்குப் பரீட்சை இருக்கும்."

மிரட்டி எழுப்பத்தான் போனார். அறைக்குள் அதே வாடை. உரசுகிற சத்தமும் அங்கேதான். மகளின் விரல்கள் மெத்தையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. நகத்தில் மண். முதுகைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"அப்பா." அவள் குரல்தான். "என் முதுகுல கனமா ஏதாவது வைங்கப்பா."

"எதுக்கும்மா?"

"எந்திரிச்சிடுவேன்போல இருக்கு."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கை ஊன்றாமலே அவள் முதுகு மெல்ல உயர்ந்தது.

வாசலுக்கு ஓடினார். கல்லைப் புரட்டினார். கொட்டுகிற மழையில் அணைத்துத் தூக்கிவந்தார். கல் இன்னும் காய்ந்தே இருந்தது. மனைவி குறுக்கே விழுந்து தடுத்தாள். தள்ளிவிட்டார். பெற்ற பிள்ளையின் முதுகில் கல்லை வைத்தார்.

பத்தவில்லை. அவரே ஏறி உட்கார்ந்தார்.

அவரையும் சேர்த்து, கல் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.