வரிசை பிசகாத சோலை

களைவான்கள் சரிவில் இறங்கி வந்தன. உன்னிப் புதரையும் கைவிடப்பட்ட தேயிலையையும் வேரோடு பிடுங்கிய அந்த ஆறுகால் எந்திரங்கள், இப்போது அருள்தாஸ் நட்ட வெடிப்பலாக் கன்றுகளையும் அதே நிதானத்தோடு பிடுங்கின.

ஒரே மழைக்காலத்தில் மரமாகிவிடும் விரைகன்றுகள் அவை. மேட்டுச்சோலையில் சிக்கிய சிங்கவால் குரங்குகள் தரையில் இறங்காது. கிளைவழியாக எதிர்மலைக்குப் போனால்தான் பிழைக்கும்; அதற்குப் பாலமாகத்தான் அவன் இவற்றை நட்டிருந்தான். மேலே பழங்கள் தீர்ந்து, குட்டிகள் சாகத் தொடங்கியிருந்தன.

களைவான்களை உருவாக்கிய ஜெபராணி வெற்றுக் குழிகளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"கயிறு பிடிச்சா நட்டீங்க?"

எஸ்டேட்டில் பிறந்த அருள்தாஸுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கயிறு கட்டாமல் அவன் வீட்டில் யாரும் குழி வெட்டியதில்லை.

"கோணலா நட மனசு வரல, ராணி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காடு வரிசையில் வளராது, வரிசையில் நிற்பது மனிதன் நட்டது, உன்னியோடு அதையும் பிடுங்கு என்றுதான் எந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். அதை அவனிடம் முன்பே சொல்லத் தோன்றவில்லை. நிறுத்தவும் வழியில்லை. எஸ்டேட்காரர்கள் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, வேலை முடியும்வரை யார் பேச்சையும் கேட்காதபடி அமைத்தவளும் அவளே.

மிச்சக் கன்றுகளோடு மழையில் ஓடினார்கள். அவள் கற்களை வீச, விழுந்த இடத்தில் அவன் நட்டான். இரண்டு கல் நேராக விழுந்தால் அவன் கை தானாக மூன்றாவது குழியை அதே கோட்டில் தோண்டும். அவள் தோளைப் பிடித்து நகர்த்துவாள்.

களைவான்கள் வந்தன. கன்றுகளருகே நின்றன. தொடாமல் தாண்டிப் போயின. அவன் சேற்றுக் கையோடு அவளை அணைத்துக்கொண்டான்.

"இருங்க," என்றாள் அவள். "அதுங்க மேல போகுது."

மேட்டுச்சோலையிலும் உன்னி நுழைந்திருந்ததால் அதையும் எல்லைக்குள் சேர்த்திருந்தாள். மூச்சிரைக்க ஏறினார்கள். மனிதக் கை படாத ஒரே காடு என்று எல்லோரும் நம்பிய சோலை அது. களைவானின் விளக்கொளி, பாசி படிந்த பெருமரங்களுக்கு நடுவே தடையில்லாமல் மறுமுனைவரை ஓடியது. இருபுறமும் மரங்கள் சம இடைவெளியில் நின்றன.

"எவனோ கயிறு பிடிச்சிருக்கான்," என்றான் அருள்தாஸ். "எங்க பாட்டன் காலத்துக்கும் முன்னாடி."

களைவானின் முன்காலில் ரம்பம் சுழன்றது. முதல் மரம் சாய்கையில், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு பக்கத்து மரத்துக்குத் தாவியது. வரிசையில் அடுத்தது அந்த மரம்தான்.