இருநூற்றுப் பதினான்காம் குப்பி

காலை ஐந்தரை மணிக்குக் குப்பி வரும். அதற்குள் நாங்கள் துறைமுகக் கொட்டகையில் வரிசையாக நின்று, சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டிருப்போம். இடது இடுப்பில், எலும்புக்கு இரண்டு விரல் மேலே, எல்லோருக்கும் ஒரு துளை. அதற்கு ரப்பர் மூடி. குப்பி கொண்டுவரும் ஸ்டெல்லா பெட்டியைத் திறந்து எண்ணைக் கூப்பிடுவாள். மேஸ்திரி ஜெபசிங் குப்பியைத் தராசில் வைத்து எடையைச் சொல்லிவிட்டு, இடுப்பில் மாட்டிவிடுவார். உள்ளே பால் நிறத்தில் கெட்டியான சாறு. சொட்டுச் சொட்டாக இறங்கி, மதியத்துக்குள் காலியாகிவிடும்.

என் எண் இருநூற்றுப் பதினான்கு. என் பெயர் மாசானம். மூட்டை தூக்கி இருபத்தாறு வருஷம், குப்பி மாட்டி ஒன்பது வருஷம்.

குப்பி மாட்டுகிறவன் சாப்பிடக் கூடாது. ஆனாலும் மதியம் பன்னிரண்டு அடித்தால் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவோம். பாக்ஸ் காலிதான். இடைவேளை என்பது சாப்பாட்டுக்கு மட்டும் என்று சட்டத்தில் இருக்கிறது; திறந்த பாக்ஸ் மடியில் இல்லையென்றால் மேஸ்திரி எழுப்பி விட்டுவிடுவார். திறந்த பாக்ஸை வைத்துக்கொண்டு சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? அதனால் ஒரு விளையாட்டு. அவரவர் குப்பியின் நிறத்தையும் கனத்தையும் வைத்து, அந்தப் பக்கம் சாப்பிட்டவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். வெறுமனே பெயர் சொன்னால் போதாது. வாயில் போட்டது முதல் விழுங்கியது வரை சொல்ல வேண்டும்.

"ஆட்டுக்கால் பாயா," என்பான் பொன்ராசு. "எலும்பைக் கடிக்கக் கூடாது, உறிஞ்சணும். உறிஞ்சும்போது மிளகு மூக்குக்குள்ள ஏறும்."

"ஏறும், ஏறும். உன் குப்பி பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. அது வெறும் ரசஞ்சோறுவே," என்பாள் பேச்சித்தாய்.

சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் விளையாட்டு முடிந்ததும் இல்லை.

ஏழு வருஷம் மழை பொய்த்த பிறகு வந்த ஏற்பாடு இது. நெல் போதவில்லை. இருந்த மின்சாரமெல்லாம் கடல்நீரைக் குடிநீராக்கவே சரியாய்ப் போனது. கிரேன்கள் துருப்பிடித்து நின்றன. மூட்டையை மறுபடி முதுகுதான் தூக்க வேண்டும் என்று ஆனது. முதுகுக்கு மூவாயிரம் கலோரி வேண்டும். அப்போதுதான் மடைமாற்றி என்ற கருவியைக் கண்டுபிடித்தார்கள். உண்போர் பட்டியலில் இருப்பவர்களின் குடலில் அதை வைத்துவிடுவார்கள். அவர்கள் ஆசைப்பட்டதை ஐந்து வேளையும் சாப்பிடலாம். அவர்கள் உடம்புக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, மிச்சத்தைக் கருவி இடுப்புக் குப்பிக்குத் திருப்பிவிடும். சாயங்காலம் ஸ்டெல்லா போன்றவர்கள் வீடு வீடாகப் போய்க் குப்பி எடுப்பார்கள். ஆலையில் சுத்தமாகி, விடியலில் எரிப்போருக்கு வரும். எரிப்போர் நாங்கள். ஒரே சோறு, நாக்கு ஒருவருக்கு, உடம்பு ஒருவருக்கு.

இதில் எனக்கு ஒன்பது வருஷமாகத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. பொன்ராசுவுக்கும் பேச்சித்தாய்க்கும் ஒரே கனத்தில்தான் குப்பி. ஒரே மூட்டை, ஒரே நடை. இவனுக்கு விலா எலும்பை எண்ணலாம். அவளுக்கு வருஷம் ஒரு சுற்று பெருக்கும். ஜெபசிங்கிடம் கேட்டால், "கணக்குப்படி அப்படி ஆகாது," என்பார். ஆகியிருக்கிறதே ஐயா, கண் முன்னால் நிற்கிறதே என்றால், "ஒருத்தர் ஏமாத்துறாங்க," என்பார். கணக்கு ஏமாற்றாது என்று அவருக்கு நம்பிக்கை.

ஐப்பசியில் என் குப்பி இளைக்கத் தொடங்கியது.

எப்போதும் எழுநூறு கிராம். அது ஐந்நூறு ஆனது. "விரதம்," என்றான் பொன்ராசு. "உன் ஆளு முருக பக்தரு. சஷ்டி முடிஞ்சா சரியாப் போகும்." சஷ்டி முடிந்து முந்நூறு ஆனது. "கார்த்திகையில்லா, மாலை போட்டிருப்பாரு," என்றார்கள். நானும் நம்பினேன். என் ஆள் பெரிய தொந்தியுள்ள பணக்காரர் என்றுதான் ஒன்பது வருஷமும் நினைத்திருந்தேன். முன்கோபம் வரும்போதெல்லாம் அந்தத் தொந்தியைத் திட்டியும் இருக்கிறேன். இப்போது அதே தொந்திக்கு மாலையும் போட்டுவிட்டேன். மார்கழி பிறந்தபோது குப்பி நூற்றிருபது கிராம்.

உடம்பு என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியது. பெரும்பாலும் தண்ணீர். பிறகு இறக்கம் மெதுவானது, குப்பி இன்னும் குறைந்துகொண்டிருந்தும். பசி வயிற்றில் இல்லை, முழங்காலில் இருந்தது. வெயிலில் குளிர்ந்தது. உட்கார்ந்தால் காலாட்டுகிற பழக்கம் எனக்கு. அது தானாக நின்றுபோனது. விரலில் கம்பி கிழித்த காயம் மூன்று வாரம் ஆறவில்லை. முகச்சவரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தேன். நாலு நாள் ஆனாலும் தாடி தெரியவில்லை. வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் பண்டிகையை நிறுத்துவோம், பிறகு விருந்தாளியை, பிறகு விளக்கை. உடம்பும் அப்படித்தான், எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தது.

ஜெபசிங்குக்கு அது புரியவில்லை. சனிக்கிழமை என்னைத் தராசில் ஏற்றி, உடம்பு எரித்ததைக் காட்டும் எரிமானியைப் பார்த்து, காகிதத்தைத் தட்டினார்.

"பதிமூணு கிலோ குறைஞ்சிருக்கணும் நீ. ஏழுதான் குறைஞ்சிருக்கு. மிச்சம் ஆறு எங்கருந்து வந்துச்சு?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வாயால தின்னுதியா?"

"தின்னா மூட்டையைக் கீழ போடுவேனா? நேத்து மூணு தடவை போட்டுட்டேன், நீங்களே பாத்தியளே."

காகிதத்தைத் திருப்பினார். கெட்டவர் இல்லை. "திங்கக்கிழமை உனக்கு வேற எண் போடுதேன். முந்நூத்தி எழுபத்தேழு. எழுநூத்தம்பது கிராமுக்குக் குறைஞ்சதே இல்ல. அன்னைக்குக் கைரேகை வச்சிரு."

"இருநூத்திப் பதினாலு?"

"மூட வேண்டியதுதான். நெரப்பாத குப்பிக்குச் சோத்து அட்டை எதுக்கு?"

வட்டத்தில் எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். "யோகக்காரன்வே நீ, இனி தினம் கறிவிருந்து," என்றான் பொன்ராசு. எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மடைமாற்றி முதலில் என் ஆளின் உடம்புக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் குப்பிக்குத் தரும். அப்படியென்றால் அவர் எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் குப்பி தீரும் வரை அவர் எடை மாறாது. கண்ணாடியில் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அவர் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தது. என் விலாவில். நான் எண் மாறிவிட்டால் அதுவும் அழிந்துவிடும். அதோடு அவருடைய சோற்று அட்டையும் போய்விடும்.

ஸ்டெல்லாவைக் கொட்டகைக்குப் பின்னால் பிடித்தேன். "இருநூத்திப் பதினாலு வீடு எது?"

"போண்ணே. சொன்னா என் வேலை போகும். போய்ப் பாத்தா உன் பேரே எரிப்போர் பட்டியல்ல இருக்காது. குப்பியும் இல்ல, சோறும் இல்லன்னு அலைவ."

"ஆளு செத்துருவாரு போலிருக்கு, ஸ்டெல்லா."

அவள் பெட்டிப் பூட்டை இரண்டு தரம் திறந்து மூடினாள். "நாளைக்கு நாலு மணிக்கு சுனாமி காலனியில குப்பி எடுப்பேன். ரோட்டுல எம் பின்னால யாரும் நடக்கக் கூடாதுன்னு சட்டமில்ல."

ஞாயிறு நாலு மணிக்கு நடந்தேன். ஆறாவது மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒருதரம் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா ஒரு கதவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "மத்த வீடெல்லாம் முடிச்சிட்டு ரெண்டு மணி நேரத்துல வாரேன்," என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிப் போனாள்.

கதவைத் திறந்தது ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும். தொந்தி இல்லை. உயரமாக, வாட்டசாட்டமாக இருந்தார்.

"பைப்புக்காரரா? காலையில வரச் சொல்லியிருந்தேன்."

"இல்லம்மா. உங்க குப்பி... நீங்க சாப்பிடுதது இல்லையோன்னு கேக்க வந்தேன்."

"அலுவலகத்து ஆளா?" முகம் மாறியது. "நான் நல்லாத்தான இருக்கேன். பாருங்க, ஒரு கிலோ குறையல."

"நீங்க நல்லாத்தான் இருக்கிய. நாந்தான் மெலிஞ்சிட்டேன்."

சட்டையை ஏற்றி, துளையைக் காட்டினேன். தன் இடுப்புக் குப்பியைத் தொட்டுக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

பெயர் தங்கபுஷ்பம். தனியாக இருந்தார். "குப்பியை கப்பல் எஞ்சினுக்கு ஊத்துதோம்னு சொன்னாங்களே," என்றார். "மனுஷனுக்குன்னு யாரும் சொல்லலியே."

"எஞ்சின்தாம்மா. ரெண்டு கால் எஞ்சின்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "கொறைச்சா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்யா," என்றார். ஐப்பசிக் காய்ச்சலில் மூக்கும் நாக்கும் போய்விட்டதாம். மல்லிகை மணக்கவில்லை, மீன் நாறவில்லை. ருசிக்காகவே ஐந்து வேளை சாப்பிடும்படி பழக்கப்பட்ட உடம்பு. ருசி போனதும் எதற்கு மெல்லுவது என்று அதற்குத் தெரியவில்லை. "மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு. வாயில வச்சிட்டு அடுத்தது என்ன செய்யணும்னே மறந்துபோகுது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு சொதி வச்சேன். பழக்கம். அப்படியே இருக்கு."

மேசையில் சொதியும் சோறும் இஞ்சித் துவையலும் மூடியிருந்தன. மூடியை எடுத்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒன்பது வருஷமாக மதியந்தோறும் பேச்சில் மட்டும் வந்துபோன வாசனை.

"நீங்க சாப்பிடுங்க," என்றார். "நாள்பட்ட கடன் மாதிரி இருக்கு எனக்கு."

சாப்பிட்டால் குற்றம். தெரியும். பிசைந்து ஒரு கவளம் வைத்தேன். தாடை வலித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண்ணீர் வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவரை உபசாரத்துக்குக் கேட்கிற கேள்விதான். எனக்கோ அது வட்டத்தில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி. வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

"முதல்ல தேங்காப்பால் வருதும்மா. நாக்குல வந்து படுக்குது, எழுந்திரிக்கவே மாட்டேங்குது. அதுக்குக் கீழ பாசிப்பருப்பு, லேசா மாவு மாதிரி. இப்ப பூண்டு. முழுப் பூண்டு, வெந்து குழைஞ்சது. கடிச்சதும் இனிக்குது. எலுமிச்சை இன்னும் வரல, கடைசியில நிக்குது. உப்பு ஒரு கல்லு கூட."

"நாக்கு தெரியாம வச்சதுல்லா," என்றார். கை தன்னையறியாமல் தட்டுக்குப் போனது. ஒரு வாய் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "இப்ப என்ன வருது?"

"துவையல் தொட்டியளா? அப்ப இஞ்சி."

"எந்தப் பக்கம்?"

"தொண்டைக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னால. வலப்பக்கம். காரம் இல்ல, ஒரு சூடு. விழுங்கிருங்க, விழுங்கினாத்தான் காது வரைக்கும் ஏறும்."

விழுங்கினார். "ஏறலியே."

"எனக்கு ஏறிட்டுதும்மா. நீங்க அடுத்த வாய் வையுங்க."

இரண்டு தட்டு ஆனது. அவருக்கு ருசி வரவில்லை; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் நிறுத்துகிற இடத்தில் மென்றார், சொல்கிற இடத்தில் விழுங்கினார். நடுவில் ஒருதரம், நான் பூண்டை உருளைக்கிழங்கு என்று தப்பாகச் சொன்னபோது, "பூண்டுதான அது, பல்லுல தெரியுதே," என்று கோபித்துக்கொண்டார். ஸ்டெல்லா வந்து கதவைத் தட்டியபோது, "நாளைக்கு அவியல்," என்றார் என்னிடம். கேள்வியாக இல்லை.

திங்கள் காலை. ஜெபசிங் ரேகைப் பலகையை நீட்டினார். அதற்குள் ஸ்டெல்லா, "இருநூத்திப் பதினாலு," என்று குப்பியைத் தராசில் வைத்தாள். முந்நூற்றுப் பத்து. ஜெபசிங் தராசைத் தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"எம் பழைய எண்ணே இருக்கட்டும்யா. விரதம் முடிஞ்சிட்டு போல," என்றேன்.

"ஒரு வாரம். அதுக்குள்ள எழுநூறு ஏறலன்னா மூடிருவேன்," என்றார். என்னைத் தராசில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மதியம் வட்டத்தில் பாக்ஸைத் திறந்தோம். "சொல்லுவே, உன் பக்தரு நேத்து என்ன சாப்பிட்டாரு?" என்றான் பொன்ராசு.

"சொதி. உப்பு ஒரு கல்லு கூட. பூண்டை முழுசாப் போட்டிருந்தாங்க. இஞ்சித் துவையல்ல நார் எடுக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். "நேர்ல உக்காந்து தின்ன மாதிரியில்லா அளக்கான்!"

பேச்சித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக இந்தக் கொட்டகையில் யாரும் பார்க்காத ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். மேஸ்திரி எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு, என் பக்கம் நகர்ந்து, சேலை ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"பல்லுல நார் மாட்டியிருக்கு. எடு மொதல்ல," என்றாள் மெதுவாக.

நான் திரும்பி உட்கார்ந்து எடுத்தேன். ஊக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அதை வாங்கவில்லை. தன் இடுப்புக் குப்பியில் ஒட்டியிருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா," என்றாள், "எந்த ரோடு வழியாப் போவா?"